நூலக வரி கட்டுகிறோம், தகவல் எங்கே?

உங்கள் வீட்டு வரி ரசீதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வீட்டு வரியோடு ‘நூலக வரி’ என்று தனியாக ஒரு தொகை இருக்கும். வரியில் ரூபாய்க்கு 10 பைசா. ஆண்டுக்கு 100 ரூபாய் வீட்டு வரி கட்டும் குடும்பம், நூலகத்துக்கென்று 10 ரூபாய் சேர்த்துக் கட்டுகிறது. ஊர்த்தெருவின் மாடி வீட்டுக்கும் காலனியின் தொகுப்பு வீட்டுக்கும் விகிதம் ஒன்றுதான். வரி வாங்கும்போது யாரும் தெருவைப் பார்ப்பதில்லை.

இந்த வரிக்கு அடிப்படை 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். விடுதலை பெற்ற இந்தியாவில் முதலில் வந்த நூலகச் சட்டம் அது. நமக்கு அண்டையில் உள்ள சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதனின் பல ஆண்டு முயற்சி அதற்குப் பின்னால் இருந்தது. படிப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுப்பது நூலகத்தின் கடமை என்பதை அவர் தம்முடைய ஐந்து விதிகளில் ஒன்றாகவே வைத்தார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கும் விவசாயக் கூலிக்கு அந்த விதியின் அருமை யாரும் சொல்லாமலே புரியும்.

நூலகம் என்றதும் கதைப் புத்தகமும் நாளிதழும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அவை வேண்டும். ஆனால், கடலூர் போன்ற ஒரு மாவட்டத்தில், 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நூற்றுக்கு 29 பேர் பட்டியல் சாதியினராக இருக்கும் இடத்தில், நூலகத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அரசு என்ன அறிவித்திருக்கிறது, யாருக்கு அறிவித்திருக்கிறது, எப்போது வரை விண்ணப்பிக்கலாம், மறுத்தால் யாரிடம் முறையிடுவது என்ற தகவலைக் காலனி மக்கள் கைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே அந்த வேலை. பெரும்பாலான ஊர்களில் அது இன்னும் தொடங்கவே இல்லை.

பறையடித்துச் சொன்னவருக்கே தெரியாத செய்தி

அரசுச் செய்தியை ஊருக்குச் சொன்ன வரலாற்றை எழுதினால், அதில் சேரி மனிதரின் பெயர்தான் முதலில் வரவேண்டும். வரி கட்டக் கடைசி நாள், ஏலம், வெள்ள எச்சரிக்கை எனத் தலைமுறை தலைமுறையாகத் தண்டோரா போட்டுத் தெருத் தெருவாகச் சொன்னவர் அவர். 2022 ஆகஸ்டில்தான் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதி, இனித் தண்டோரா கூடாது, வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள் என்றார். நல்ல முடிவு, தாமதமாக வந்த முடிவு.

ஆனால் அதோடு ஒரு கேள்வியும் நிற்கிறது. அத்தனை காலம் அரசின் செய்தியைச் சுமந்தவர் வீட்டுக்கு அரசின் உதவி எவ்வளவு வந்தது? ஏலச் செய்தியை அவர் ஊருக்குச் சொன்னார். ஏலம் எடுக்கும் இடத்தில் அவர் உட்கார முடிந்ததா? செய்தியைச் சுமப்பது ஒன்று, செய்தியைப் பயன்படுத்துவது வேறு. இந்த இடைவெளிதான் இன்றும் வேறு உருவில் நீடிக்கிறது.

இன்று பெரும்பாலான ஊர்களில் ஊராட்சி அலுவலகம் ஊர்த்தெருவில் இருக்கிறது. வி.ஏ.ஓ. அலுவலகம், கூட்டுறவுச் சங்கம், பால் சொசைட்டி எல்லாம் அங்கேதான். அறிவிப்புப் பலகையும் அங்கேதான். காலனிக்குச் செய்தி வரும்போது அது மூன்று வாய் மாறி வருகிறது. சில நேரம் கடைசித் தேதி முடிந்த பிறகு வருகிறது. சில நேரம் ‘எங்களுக்கு வேண்டியவர்’ வீட்டோடு நின்றுவிடுகிறது.

புயலும் வெள்ளமும் அடிக்கடி வரும் மாவட்டம் நம்முடையது. 2011 டிசம்பர் தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் என நிவாரணப் பட்டியல் போடாத சில ஆண்டுகளே நமக்குக் கிடைத்தன. ஒவ்வொரு முறையும் எழும் சச்சரவு ஒன்றே: யார் பெயர் பட்டியலில் இருக்கிறது, யார் பெயர் விடுபட்டது, எந்த வீடு முழுச் சேதம், எது பகுதிச் சேதம்? அந்தப் பட்டியல் எல்லோரும் வந்து பார்க்கும் ஓரிடத்தில் ஒட்டப்பட்டிருந்தால் பாதிச் சச்சரவு அன்றே தீரும். அலுவலகப் பீரோவுக்குள் இருந்தால் சந்தேகம்தான் வளரும்.

வாசலுக்கு ஓர் உரிமை, காகிதத்துக்கு ஓர் உரிமை

1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தை நாம் ‘பொதுச் சாலையில் நடக்கும் உரிமை’ என்றே நினைவில் வைத்திருக்கிறோம். அதில் இன்னொன்றும் இருந்தது. சாலை, கிணறு, குளம் ஆகியவற்றோடு பொது அலுவலகங்களுக்குள் செல்லும் உரிமையையும் அந்தத் தீர்மானம் கேட்டது. ஓர் அரசு அலுவலகத்தின் படியேற நம் முன்னோர் சட்டமன்றத்தில் தீர்மானம் போட வேண்டியிருந்தது. 1893இலேயே ‘பறையன்’ என்ற பெயரில் பத்திரிகை நடத்திய அவருக்கும், 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதருக்கும் ஒன்று தெளிவாகத் தெரிந்திருந்தது: அரசு என்ன செய்கிறது என்பதைத் தம் மக்கள் எழுத்தில் படிக்கும் வரை, அரசிடம் கேட்கவும் முடியாது.

அலுவலகத்துக்குள் போகும் உரிமைக்கு நூறாண்டு ஆகிவிட்டது. அங்கே இருக்கும் காகிதத்தைப் பார்க்கும் உரிமை 2005இல்தான், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தோடு, நாடு முழுவதற்கும் வந்தது. அந்தச் சட்டத்தின் 4ஆவது பிரிவு பலருக்குத் தெரியாது. யாரும் மனு போடாமலேயே ஒவ்வோர் அரசு அலுவலகமும் தானாக வெளியிட வேண்டிய 17 வகைத் தகவல்களை அது பட்டியலிடுகிறது. மானியத் திட்டங்களுக்கு ஒதுக்கிய தொகையும் பயனாளிகளின் விவரமும் அந்தப் பட்டியலில் உண்டு. மக்கள் தகவல் பெறுவதற்குள்ள வசதிகளையும், பொதுமக்களுக்காக நூலகமோ படிப்பறையோ இருந்தால் அது திறந்திருக்கும் நேரத்தையும் தெரிவிக்க வேண்டும் என்பதும் உண்டு. தகவல்கள் அந்தந்த வட்டார மொழியில், அந்தப் பகுதிக்கு ஏற்ற வழியில் பரப்பப்பட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. நூலகத்தையும் அரசுத் தகவலையும் சட்டமே ஒன்றாகப் பார்க்கிறது. நம் நிர்வாகம்தான் பிரித்து வைத்திருக்கிறது.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையிலும் இந்தத் தொடர்பைக் காணலாம். 1913இல் அவரை உதவித்தொகை கொடுத்து அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியவர் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட். 1910 வாக்கில் தம் சமஸ்தானத்தில் இலவசப் பொது நூலகங்களை ஊர் ஊராகத் திறக்கத் தொடங்கியவரும் அவரே. வெளிநாட்டில் அம்பேத்கர் நூலகங்களில் நாள் முழுக்க உட்கார்ந்து படித்தவற்றில் அரசின் நிதிக் கணக்குகளும் அறிக்கைகளும் பெரும்பங்கு. பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி பற்றிய அவருடைய ஆய்வு 1925இல் நூலாக வந்தது. அரசின் கணக்கை அரசைவிட நன்றாகப் படித்தவர் என்பதால்தான் அரசோடு வாதாட அவரால் முடிந்தது. அம்பேத்கர் சிலையின் கையில் இருக்கும் புத்தகத்தைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு, அரசு ஆவணத்தைப் படிப்பதும் அந்த வழியில் நடப்பதுதான் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஒரு நூலகத்தால் என்ன ஆகும்?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரியில் சேரும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு ஆகியவை வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் பணம் வராது. பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால்கூடச் சிக்கல். ‘உன் அப்ளிகேஷன் ரிஜெக்ட் ஆயிடுச்சு’ என்ற ஒரு வரியோடு வீட்டுக்கு வரும் மாணவிக்கு, ஏன் என்று சொல்ல ஆளில்லை. ஊர்ப்புற நூலகத்தில் ஒரு கணினியும், விதிமுறையைத் தமிழில் அச்சிட்ட ஒரு கோப்பும், அதைப் படித்துக்காட்டத் தெரிந்த ஒரு நூலகரும் இருந்தால், அவர் காரணத்தைத் தெரிந்துகொள்வார். காரணம் தெரிந்தால் திருத்தலாம். திருத்தத் தெரியாமல் ஓராண்டு உதவித்தொகையை இழந்தவர், அடுத்த ஆண்டு படிப்பையே இழக்கிறார்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் இதில் கொஞ்சம் முன்னே போய்விட்டார்கள். மாவட்ட மைய நூலகத்திலும் கிளை நூலகங்களிலும் காலையிலேயே இடம் பிடித்து உட்கார்ந்து குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களில் காலனிப் பிள்ளைகள் பலர். அவர்களுக்குப் புத்தகத்தைவிடத் தகவல்தான் முதலில் தேவைப்படுகிறது. அறிவிக்கை எப்போது வந்தது, வயது வரம்பில் எவ்வளவு தளர்வு, பட்டியல் சாதி, பழங்குடி விண்ணப்பதாரர்களுக்குத் தேர்வுக் கட்டணம் கிடையாது என்பது போன்ற செய்திகள் ஒரு பலகையில் இருந்தாலே போதும். சில நூலகர்கள் தம் சொந்த ஆர்வத்தில் இதைச் செய்கிறார்கள். ஆர்வமுள்ள நூலகர் மாறிப் போனால் பலகையும் காலியாகிவிடுகிறது. ஒருவரின் நல்ல மனதை நம்பி இருக்கும் வசதியை உரிமை என்று சொல்ல முடியாது.

நிலம் இன்னும் பெரிய விஷயம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையின் விளைவாக, 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. அதையே பஞ்சமி நிலம் என்கிறோம். அந்த நிலம் வேறு சாதியார் கைக்குப் போகக் கூடாது என்பது நிபந்தனை. இன்று அதில் எவ்வளவு யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் பழைய நிலப் பதிவேட்டையும் இன்றைய ‘அ’ பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பட்டா, சிட்டா விவரத்தை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பழைய பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமை மனு போட்டு வாங்கலாம். இரண்டையும் செய்ய ஒரு மேசையும், ஓர் இணைய இணைப்பும், வழிகாட்டும் ஒருவரும் வேண்டும். ஊரில் அந்த மேசை நூலகத்தில் இல்லாவிட்டால் வேறெங்கே இருக்கும்?

வன்கொடுமை நடக்கும் போதும் முதல் சில மணி நேரத்தில் தகவல்தான் துணை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி வழக்கை விசாரிக்க வேண்டியவர் துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமில்லாமல் பெறுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை. நிவாரணத் தொகை தீர்ப்பு வரும் வரை காத்திருப்பதல்ல, வழக்கின் நிலைகளுக்கேற்பத் தவணையாக வர வேண்டியது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பில்லாமல் இலவசச் சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வழி செய்கிறது. வன்கொடுமை குறித்து உதவி கேட்க 14566, சட்ட உதவிக்கு 15100. இந்த இரண்டு எண்களையும் எந்த ஊர் நூலகத்தின் சுவரிலாவது எழுதிப் பார்த்திருக்கிறோமா?

‘இ-சேவை மையம் இருக்கிறதே?’

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சான்றிதழ்களுக்கு இ-சேவை மையம் வந்ததால் அலைச்சல் குறைந்தது உண்மை. வருவாய்த் துறைச் சான்றுக்கு 60 ரூபாய் சேவைக் கட்டணத்தோடு வேலை முடிகிறது என்றால், புரோக்கருக்கு ஐந்நூறு கொடுத்த காலத்தைவிட இது முன்னேற்றமே.

ஆனால் இ-சேவை மையத்தின் வேலை விண்ணப்பத்தைப் பதிவேற்றுவதோடு முடிகிறது. எந்தத் திட்டத்துக்கு நீங்கள் தகுதியானவர் என்று உட்கார்ந்து பேச அங்கே நேரமில்லை. பின்னால் வரிசை நிற்கிறது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், மறுபடி கட்டணம் கட்டி மறுபடி போடச் சொல்வார்கள். மேல்முறையீடு என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். தொழில் தொடங்க விரும்பும் பட்டியல் சாதி இளைஞருக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மானியம் உண்டு. அந்தச் செய்தியை அறிந்து, திட்ட அறிக்கை எப்படி எழுதுவது என்று கற்று, வங்கியில் என்ன கேட்பார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் இ-சேவை மையத்துக்கே வேலை வருகிறது. அந்த முதல் பாதிக்கு ஊரில் இடமில்லை.

‘எல்லார் கையிலும் போன் இருக்கிறதே’ என்பது அடுத்த வாதம். போன் இருக்கிறது. வீட்டில் ஒரு போன், அதுவும் பெரும்பாலும் ஆண் கையில். வாட்ஸ்அப்பில் வரும் திட்டச் செய்திகளில் எது அசல், எது போலி என்று பிரிப்பதும் கடினம். ‘இந்த லிங்கை அழுத்தினால் பணம் வரும்’ என்று வந்ததை அழுத்தி, இருந்த பணத்தையும் இழந்தவர்கள் நம் ஊர்களில் உண்டு. அரசாணையின் எண்ணையும் தேதியையும் சரிபார்த்து, ‘இது உண்மை, இது பொய்’ என்று சொல்லும் ஓரிடம் போன் வந்த பிறகு கூடுதலாகத் தேவைப்படுகிறது.

நம் மாவட்டத்தின் இருளர் குடியிருப்புகளை இங்கே மறக்கக் கூடாது. பழங்குடியினர் சான்று வழங்கும் அதிகாரம் வட்டாட்சியரிடம் இல்லை, கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரிடம் இருக்கிறது. இந்த ஒரு விவரம் தெரியாமல் எத்தனை நடை வீணாகிறது! எழுதப் படிக்கத் தெரியாதவர் வாய்மொழியாகக் கேட்டால் அதை எழுத்தில் கொண்டுவர உதவ வேண்டியது பொதுத் தகவல் அலுவலரின் கடமை என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 6ஆவது பிரிவு சொல்கிறது. அதை அந்த மக்களிடம் யார் போய்ச் சொல்வது?

பூட்டிய கதவுகள்

கட்டடம் இல்லை என்று சொல்ல முடியாது. 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டின் ஊராட்சிகள்தோறும் நூலகம் கட்டப்பட்டது. நம் மாவட்டத்தில் 683 ஊராட்சிகள். இவை தவிர, பொது நூலகத் துறையின் கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் பகுதிநேர நூலகங்களும் தனியாக இருக்கின்றன. கட்டடக் கணக்கில் இந்தியாவின் பல மாநிலங்கள் நம்மைப் பார்த்துப் பொறாமைப்படலாம்.

ஆனால் ஊராட்சி நூலகங்களில் பல பூட்டிக் கிடப்பதும், பழைய சாமான் போட்டுவைக்கும் அறையாகிவிட்டதும் ஊரறிந்த செய்தி. பார்த்துக்கொள்பவருக்குக் கிடைக்கும் மதிப்பூதியம் மிகச் சொற்பம். நாளிதழுக்குப் பணம் ஒதுக்கப்படுவதில்லை. கிளை நூலகங்களுக்குச் சேர வேண்டிய நூலக வரியைப் பல உள்ளாட்சி அமைப்புகள் வசூலித்துவிட்டு, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் நிலுவை வைக்கின்றன. மக்கள் கட்டிய பணம் மக்களுக்கே திரும்பாமல் பாதியில் நிற்கிறது.

இடப் பிரச்சினையும் உண்டு. நூலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பது சின்ன விஷயம் அல்ல. கோயிலுக்குப் பக்கத்தில், ஊர்ப் பெரியவர்கள் உட்காரும் திண்ணைக்கு எதிரில் நூலகம் இருந்தால், காலனிப் பெண்கள் அந்தப் பக்கம் போகத் தயங்குவார்கள். அரசுப் பணத்தில் நடக்கும் பொது இடங்களில் யாரையும் சாதியின் பெயரால் தடுக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு சொல்கிறது. நூலக வாசலில் யாரும் தடுப்பதில்லை என்பதும் உண்மையாக இருக்கலாம். தடுக்க ஆளில்லாமலே தயக்கம் வேலை செய்கிறது என்பதுதான் சிக்கல். நேரமும் அப்படியே. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர் வீடு திரும்பும்போது பல நூலகங்கள் மூடியிருக்கும்.

இந்தக் குறையைக் காலனி மக்கள் தாமாகவே தீர்த்துக்கொண்ட வரலாறும் நமக்கு உண்டு. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோது அரசு வந்து கட்டிக்கொடுக்கும் என்று காத்திருக்கவில்லை. அவருக்குப் பின் காலனிகளில் அம்பேத்கர் மன்றங்களும் இரவுப் பாடசாலைகளும் படிப்பகங்களும் தோன்றின. ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். ஓலைக் கொட்டகையில் நடந்த அந்தப் படிப்பகங்களில்தான் பலர் முதல் மனுவை எழுதக் கற்றார்கள். அந்த மன்றங்களை மாவட்ட நூலக ஆணைக்குழு பகுதிநேர நூலகங்களாக ஏற்று நடத்தினால், இடமும் தயக்கமும் ஒரே நேரத்தில் தீரும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஊராட்சி நூலகத்திலும் ‘அரசுத் தகவல் அலமாரி’ ஒன்று வேண்டும். ஆதிதிராவிடர் நலத்துறை, தாட்கோ, வருவாய்த்துறை, ஊரக வளர்ச்சித்துறை ஆகியவற்றின் நடப்பு அரசாணைகளும் விண்ணப்பப் படிவங்களும் தமிழில், பெரிய எழுத்தில் அங்கே இருக்க வேண்டும். அயோத்திதாசர் பெயரிலான குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. அதில் நம் காலனிக்கு என்ன வந்தது என்று அங்கே போய்ப் பார்க்க முடிய வேண்டும்.

இரண்டாவதாக, தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவின்படி வெளியிட வேண்டிய விவரங்களை வட்டாரத்தின் எல்லா அலுவலகங்களும் ஆண்டுதோறும் அச்சுப் படியாக நூலகத்துக்குத் தர வேண்டும். கிராமசபைத் தீர்மானங்களும் ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கும் அதில் சேர வேண்டும். அதே சமயம் ஓர் எச்சரிக்கையும் தேவை. பயனாளிகள் பட்டியலில் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கக் கூடாது. உதவி கேட்டு வருபவரின் ஆவண நகல்களை நூலகம் வைத்துக்கொள்ளவும் கூடாது.

மூன்றாவதாக, நூலகருக்குப் பயிற்சியும் கௌரவமான ஊதியமும். ஒரு நூலகர் வட்டாட்சியராக வேண்டியதில்லை. எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று சொல்லத் தெரிந்தால் போதும். காலனியைச் சேர்ந்த படித்த பெண்களை இந்த வேலைக்கு அமர்த்தினால், காலனிப் பெண்கள் தயங்காமல் வருவார்கள்.

நான்காவதாக, மாதம் ஒரு நாள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞரும், தாட்கோ அலுவலரும், வி.ஏ.ஓ.வும் நூலகத்துக்கு வந்து உட்கார வேண்டும். மக்கள் ஐந்து அலுவலகத்துக்கு அலைவதைவிட மூன்று அலுவலர் ஓரிடத்துக்கு வருவது எளிது. வேலை நேரமும் மாலை 8 மணி வரை நீள வேண்டும்.

கடைசியாக, நம் மண்ணின் ஆவணங்கள். காட்டுமன்னார்கோவில் பகுதியைச் சேர்ந்த எல். இளையபெருமாள் தலைமையில் 1965இல் மத்திய அரசு அமைத்த குழு, தீண்டாமை குறித்து நாடெங்கும் விசாரித்து 1969இல் அறிக்கை தந்தது. நாடு முழுவதற்குமான ஓர் அரசு ஆவணத்தில் நம் மாவட்டத்துக்காரரின் உழைப்பு இருக்கிறது. அந்த அறிக்கையின் தமிழ்ச் சுருக்கமாவது மாவட்டத்தின் ஒவ்வொரு நூலகத்திலும் இருக்க வேண்டாமா?

நாம் செய்யக்கூடியது

அரசு செய்யட்டும் என்று நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. அடுத்த கிராமசபைக்குக் காலனியிலிருந்து பத்துப் பேர் சேர்ந்து போங்கள். தனியாகப் போகாதீர்கள். மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். நம் ஊராட்சி சென்ற ஆண்டு வசூலித்த நூலக வரி எவ்வளவு, அதில் நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு? ஊராட்சி நூலகம் வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணிக்குத் திறக்கிறது, அதன் பொறுப்பாளர் யார்? அரசுத் திட்டங்களின் பயனாளிகள் பட்டியல் எங்கே பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது? பதில் தீர்மானப் புத்தகத்தில் ஏறும் வரை எழுந்து வராதீர்கள்.

பதில் வராவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அதே மூன்று கேள்விகளைத் தகவல் உரிமை மனுவாக அனுப்புங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்போருக்கு அந்தக் கட்டணமும் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் நூலகத்துக்குப் போகும்போது உங்கள் தெருவிலிருந்து ஒரு பெரியவரையோ, அம்மாவையோ கூட அழைத்துப் போங்கள். அவர்களுக்கு வேண்டிய ஒரே ஓர் அறிவிப்பைப் படித்துக் காட்டுங்கள். முதியோர் ஓய்வூதியமாக இருக்கலாம், வேலை அட்டையாக இருக்கலாம், பட்டா மாறுதலாக இருக்கலாம். நூலகரிடம் அவர்களை அறிமுகப்படுத்தி வையுங்கள். அடுத்த முறை அவர்கள் தனியாகவே வருவார்கள். ஒரு காலனியிலிருந்து நூறு பேர் கேட்டு வரும் நூலகத்தைப் பூட்டி வைக்க எந்த ஊராட்சிக்கும் துணிவு வராது.